பாலத்துக் காசு



உங்கள் குடும்பத்தில் 'சபர்' போனவர் ஒருவரேனும் இருப்பார். சபர் என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். மதரஸாவில் மாணவர்களுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால், நம் கடற்கரை ஊர்களில் அச்சொல்லைக் கேட்டவுடன் எந்த அகராதியிலும் காணாத பொருள்கள் மனத்தில் எழும். வாசற்படியில் நின்று அழும் தாய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடக்கும் தகப்பனார், அதன் பிறகு மாதத்துக்கு ஒன்றாக வரும் கடிதம், சில ஆண்டுகளில் அதுவும் குறைந்துபோதல். இவையெல்லாம் சேர்ந்ததுதான் நமக்குச் சபர்.

என் உம்மாவுக்கு ஒரே தம்பி. 1974ஆம் ஆண்டு, தமது இருபதாம் வயதில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனார். அங்கே என் பாட்டனார் ஒரு சாப்பாட்டுக் கடையில் பங்காளியாக இருந்தார். மாமா இடையில் சில முறை ஊருக்கு வந்து போனார். நிக்காஹ் முடித்து மாமியையும் அழைத்துச் சென்றார். கடைசியாக அவர் ஊருக்கு வந்தது 2003இல். அதன் பிறகு வரவில்லை.

சென்ற ஆண்டு மாமாவின் பேத்திக்கு நிக்காஹ் என்று அழைப்பு வந்தது. உம்மாவுக்கு எழுபத்தாறு வயது. முழங்கால் வலியால் பக்கத்துத் தெருவுக்கே போக முடியாதவர். என்னை அழைத்து, "நீ போய் வா. கல்யாணத்துக்கு மட்டும் போகாதே. அவனை ஒரு தடவை ஊருக்கு வரச்சொல்லி அழைக்கப் போ" என்றார். "கைப்பேசியில்தான் வாரம் தவறாமல் முகம் பார்த்துப் பேசுகிறீர்களே உம்மா?" என்றேன். "கண்ணாடிக்குள்ளே இருக்கிற தம்பியைத் தொட்டுப் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன்.

இந்தத் தூதுடன்தான் நான் பினாங்குக்குப் போனேன். அங்கே நான் கண்ட ஒரு பாலத்தைப் பற்றியே இக்கட்டுரை. பாலத்தைப் பற்றி எழுதத் தொடங்கியவன் மாமாவைப் பற்றிச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

காசில்லாத முதல் பயணம்

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024ஆம் ஆண்டின் இறுதியில் நேரடி விமானம் தொடங்கியது. நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்தால் போதும். மாமா நாட்கணக்கில் கப்பலின் மேல்தளத்தில் படுத்துக் கடந்த கடலை நான் ஒரு வேளை உணவுக்கும் ஒரு சிறு உறக்கத்துக்கும் இடையில் கடந்துவிட்டேன்.

பினாங்கு ஒரு தீவு. மலாய் மொழியில் 'புலாவ் பினாங்' என்றால் பாக்குத் தீவு என்று பொருள். தீவுக்குக் கிழக்கே, குறுகிய கடலுக்கு அப்பால், மலேசியாவின் பெருநிலம் இருக்கிறது. விமான நிலையம் தீவின் தென்பகுதியில், பாயான் லெப்பாஸ் என்ற இடத்தில் உள்ளது. மாமாவின் வீடோ பெருநிலத்தில், பட்டர்வொர்த் நகரில் உள்ளது. ஆகவே விமானத்தை விட்டு இறங்கிய கையோடு கடலைக் கடந்தாக வேண்டும்.

மாமாவின் மகன், என் மச்சான், இரவல் காருடன் வந்திருந்தார். மாலை நேரம். தீவின் மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டத்தோடு நாங்களும் பாலத்தில் ஏறினோம். இருபுறமும் கடல். ஏறி இறங்கும் முதுகுபோல் பாலம் நீண்டுகொண்டே போயிற்று. நடுவில் உயர்ந்த தூண்களிலிருந்து விசிறிபோல் விரிந்த வடங்கள் பாதையைத் தாங்கி நின்றன. அவற்றின் கீழே ஒரு சரக்குக் கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

அக்கரை சேர்ந்ததும் மச்சான் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். எதிர்த்திசையில் வரிசையாகச் சுங்கச்சாவடிகள். "தீவுக்குப் போகிறவர்கள்தான் அங்கே காசு கட்ட வேண்டும். தீவிலிருந்து வருகிறவர்களுக்குக் காசு இல்லை" என்றார். பழைய படகுப் போக்குவரத்திலும் இதே வழக்கம்தான் இருந்ததாம். பட்டர்வொர்த்தில் ஏறும்போது காசு கொடுக்க வேண்டும். தீவிலிருந்து திரும்பும்போது யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரு தீவுக்குப் போனவன் எப்படியும் திரும்பித்தானே ஆகவேண்டும், இரண்டு இடத்தில் எதற்குச் சாவடி என்று கணக்கிட்டு இப்படி வைத்திருப்பார்கள். ஆனால், என் மனம் அந்தக் கணக்கோடு நிற்கவில்லை. போவதற்குத்தான் விலை, திரும்புவது இலவசம். அப்படியானால் நம் சபராளிகளில் இத்தனை பேர் ஏன் திரும்பவில்லை? இந்தக் கேள்வியுடன்தான் மாமாவின் வீட்டு வாசலில் இறங்கினேன்.

ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள்

கல்லூரியில் வரலாறு படித்தவனாகையால், ஓர் இடத்துக்குப் போனால் அதன் ஆண்டுக்கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு உறக்கம் வராது. வாசகர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இக்கடலில் படகுப் போக்குவரத்து நடந்து வந்திருக்கிறது. பிற்காலத்தில் பெரிய இரண்டடுக்குப் படகுகள் மனிதரையும் கார்களையும் சேர்த்தே ஏற்றிச் சென்றன. தீவில் தொழில் பெருகியது. 1972இல் பாயான் லெப்பாஸில் தீர்வையில்லாத் தொழிற்பேட்டை அமைந்தது. மின்னணுக் கருவித் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்தன. வேலைக்குப் போவோர் தொகை பெருகப் பெருகப் படகுத்துறையில் வாகன வரிசை நீண்டது.

இந்தத் தேவையிலிருந்து பிறந்ததே பினாங்குப் பாலம். மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். அதில் 8.4 கிலோமீட்டர் கடலின் மேல். கப்பல்கள் போவதற்காக நடுவில் விட்ட இடைவெளி 225 மீட்டர். 1985 செப்டம்பர் 14ஆம் நாள் அன்றைய பிரதமர் மகாதீர் முகம்மது அதை முறைப்படி திறந்துவைத்தார். நான்கு தடங்களாக இருந்த பாலம் போதாமற்போகவே 2009இல் ஆறு தடங்களாக அகலப்படுத்தி முடித்தார்கள். அதுவும் போதாமல் தெற்கே 24 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டாம் பாலம் ஒன்று 2014இல் திறக்கப்பட்டது.

இனி, அதே 1985ஆம் ஆண்டின் மற்றொரு செய்தியைச் சொல்கிறேன். நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் இணைத்து வந்த 'எம்.வி. சிதம்பரம்' என்ற பயணிகள் கப்பலை நம் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்தது. உயிர்கள் பலியாயின. அக்கப்பல் பிறகு பயணிகளை ஏற்றவில்லை. ஏழை எளியவரும் மேல்தளச் சீட்டு வாங்கிக் கடல் கடந்த காலம் அதனோடு முடிந்தது.

"பிப்ரவரியில் ஊருக்குப் போகிற வழி போயிற்று. செப்டம்பரில் பட்டர்வொர்த்துக்குப் போகிற வழி வந்தது. அந்த வருஷத்தை நான் எப்படி மறப்பேன் மருமகனே?" என்றார் மாமா.

விடியற்காலைக் கூட்டம்

மறுநாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின், "மச்சான், என்னோடு வண்டியில் வருகிறீர்களா? நான் தினமும் போகிற வழியைப் பாருங்கள்" என்று மச்சான் அழைத்தார். அவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இருபத்தைந்து ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறார். மேலங்கியை முன்பின்னாக, முதுகுப்புறம் திறந்திருக்கும்படி மாட்டிக்கொண்டார். நான் வியப்புடன் பார்த்ததும், "எதிர்காற்று நெஞ்சில் அறையாது. இங்கே எல்லாரும் இப்படித்தான்" என்று எனக்கும் ஒன்றை அவ்வாறே மாட்டிவிட்டார். தலைப்பாகையைக் கழற்றிவைத்துவிட்டுத் தலைக்கவசம் அணிந்த என்னை என் மாணவர்கள் பார்த்திருந்தால் ஒரு வாரம் பாடம் நடந்திருக்காது!

முதலில் பிறை ஆற்றைக் கடந்தோம். 'பெராய்' என்ற மலாய்ப் பெயரை அங்குள்ள தமிழர்கள் பிறை என்றே எழுதுகிறார்கள். வானத்துப் பிறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும் பெயர்ப்பலகையில் அச்சொல்லைக் கண்டதும் நெஞ்சம் ஏனோ குளிர்ந்தது.

பிறைப் பக்கத்தில்தான் பாலம் தொடங்குகிறது. வாசகர்களே, ஆற்றுவெள்ளம் மதகை நோக்கிப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே மனிதவெள்ளம் அவ்வாறு பாய்கிறது. நான்கு புறச் சாலைகளிலிருந்தும் கார்கள், தொழிற்சாலைப் பேருந்துகள், சரக்கு வண்டிகள். இடது ஓரத்தில், தேனீக் கூட்டம்போல் மோட்டார் சைக்கிள்கள். மலாய்ப் பெண்கள் முக்காட்டுக்கு மேல் தலைக்கவசம் அணிந்து செல்கிறார்கள். சீன இளைஞர்கள், நம் தமிழ் முகங்கள், வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் தீவின் மேலே.

சாவடியில் கார்கள் நின்று நின்று போயின. ஓட்டுநர்கள் 'டச் அண்ட் கோ' என்ற அட்டையைக் கருவியில் காட்டினார்கள். நாங்கள் நிற்கவில்லை. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து மோட்டார் சைக்கிள்களுக்குச் சுங்கம் இல்லை. அதற்கு முன் ஒரு முறைக்கு 1 வெள்ளி 40 காசு. (ரிங்கிட்டை அவ்வூர்த் தமிழர் வெள்ளி என்பார்கள்.)

"1 வெள்ளி 40 காசுதானே?" என்று நான் கேட்டதற்கு மச்சான் சிரித்தார். "வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 420 வெள்ளி. மூன்று பிள்ளைகளின் பள்ளிச்சீருடை, காலணி, பை, புத்தகம் எல்லாவற்றையும் அந்தக் காசில் வாங்கலாம். சுங்கத்தை எடுத்துவிட்ட அன்று காலை இந்தச் சாவடியைத் தாண்டும்போது பழக்கத்தில் பிரேக்கை அழுத்திவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். 'போய்யா, இனிமேல் உன்னை யாரும் கேட்கமாட்டார்கள்' என்று மலாயில் சத்தம் போட்டான்."

பாலத்தின் உச்சியில் கடற்காற்று வண்டியை அசைத்தது. நான் மச்சானின் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த துஆக்களையெல்லாம் ஓதினேன். மச்சான் இடப்புறம் கையை நீட்டி ஒரு சிறு பச்சைத் தீவைக் காட்டினார். அதன் பெயர் ஜெரெஜாக். கப்பலில் வந்து இறங்குவோரை, தொற்றுநோய் இருக்கிறதா என்று அறியும்வரை ஒருகாலத்தில் அங்கேதான் நிறுத்தி வைப்பார்களாம். நம் பாட்டனார்களின் தலைமுறை பினாங்கை முதலில் பார்த்தது அத்தீவின் கரையிலிருந்துதான். அவர்களிடம் யாரும் வெள்ளி கேட்கவில்லை. நாள்களை வாங்கிக்கொண்டார்கள்.

மழைக்காலத்தில் எப்படி என்று கேட்டேன். "நனைந்துகொண்டே போவேன். கடலுக்கு நடுவில் ஒதுங்க எங்கே இடம்?" என்றார். தொழிற்சாலை வாசலில் இறங்கியபோது, இந்த மனிதர் இதுவரை எத்தனை ஆயிரம் முறை இக்கடலைக் கடந்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். மலாக்கா நீரிணையை மாமா கடந்தது ஒரு கை விரல்களில் அடங்கும். அவர் மகனுக்கோ கடல் கடப்பது பல் துலக்குவதுபோல் அன்றாடக் காரியம் ஆகிவிட்டது.

ஏன் இக்கரைக்கு வந்தார்கள்?

வேலை தீவில் இருக்க, வீடு மட்டும் ஏன் பெருநிலத்தில்? இதற்கு விடை வெள்ளிக்கிழமையன்று கிடைத்தது.

மாமா ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்குப் போய்விடுவார். பட்டர்வொர்த்தில் பள்ளிவாசல்கள் இல்லாமல் இல்லை. ஆனால், அவருக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுதால்தான் வெள்ளிக்கிழமை. தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் என்ற பெருந்தகை 1801இல் நிறுவிய பள்ளிவாசல் அது. பக்கத்தில் சூலியா தெரு. சற்றுத் தொலைவில் நாகூர் ஆண்டகை பெயரில் ஒரு தர்கா. தெருவெங்கும் நாசி கண்டார் கடைகள். கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடித்தண்டு. ஒரு புறம் சோற்றுப் பானை, மறுபுறம் குழம்புச் சட்டி என்று தோளில் தூக்கிப்போய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு நம்மவர்கள் சோறு விற்ற காலத்தின் பெயர் இன்றைய பெரிய உணவகங்களுக்கும் நிலைத்துவிட்டது.

தொழுகைக்குப் பின் மாமா என்னை ஒரு சந்துக்கு அழைத்துப்போனார். பழங்கால வீடு ஒன்று. புதுவண்ணம் பூசி, வாசலில் பூந்தொட்டி வைத்து, அயல்நாட்டுப் பயணிகள் தங்கும் விடுதியாக இருந்தது. "மாடியில் அந்த இரண்டாம் சன்னல் தெரிகிறதா? உன் மச்சான் பிறந்த அறை அது" என்றார்.

போருக்கு முந்திய பழைய கட்டடங்களின் வாடகையை ஏற்றவிடாமல் ஒரு சட்டம் நெடுங்காலம் காத்து வந்தது. அதன் நிழலில்தான் ஜார்ஜ் டவுனின் ஏழைக் குடும்பங்கள் பல தலைமுறை வாழ்ந்தன. 2000 ஜனவரி முதல் நாளோடு அந்தக் காப்பு முடிவுக்கு வந்தது. வாடகை பன்மடங்கு உயர்ந்தது. குடியிருந்தோர் ஒவ்வொருவராக வெளியேறினர். 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அதற்குள் அவற்றில் வாழ்ந்த பலர் போய்விட்டிருந்தனர்.

மாமாவின் குடும்பமும் 2000இல் மூட்டை கட்டிக்கொண்டு மலிவான வாடகை தேடிப் பெருநிலத்துக்கு வந்தது. அன்றிலிருந்து, அவர்கள் பிறந்து வளர்ந்த தெருவுக்குப் போக அவர்களே சுங்கம் கட்ட வேண்டியதாயிற்று.

மக்ஸா, கூலியா?

அன்று காலை தீவுக்குப் போகும்போது காரில் போனோம். சாவடியில் மாமாதான் அட்டையைக் காட்டினார். காருக்கு நெடுங்காலம் 7 வெள்ளியாக இருந்த சுங்கத்தை 2020 பிப்ரவரியில் 18 விழுக்காடு குறைத்து 5 வெள்ளி 74 காசு ஆக்கினார்கள். நம் பணத்தில் நூற்றுச் சொச்சம் ரூபாய்.

என் ஆசிரியப் புத்தி விழித்துக்கொண்டது. மதரஸாவில் 'மக்ஸ்' என்ற பாடம் வரும். வழிப்போக்கரை மறித்து அநியாயமாகப் பறிக்கும் தீர்வைக்கு அப்பெயர். மார்க்க அறிஞர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். அதே வேளை, ஒரு வசதியைச் செய்துகொடுத்து அதைப் பயன்படுத்துவோரிடம் நியாயமான கட்டணம் பெறுவது வேறு. நம் முன்னோர் பாலமும் கிணறும் சத்திரமும் வக்ஃபாகக் கட்டிவைத்து, நன்மை மட்டும் போதும் என்று விட்டுச்சென்றதும் உண்டு. "இந்தப் பாலம் இவற்றில் எந்த வகை மாமா?" என்று கேட்டேன்.

மாமா ஒரு கணம் யோசித்தார். "படகுக்காகக் காத்திருந்த நாள்கள் எனக்குத் தெரியும். 1988இல் பட்டர்வொர்த் படகுத்துறை மேடை கூட்டம் தாங்காமல் இடிந்து 32 பேர் மவுத்தானார்கள். நள்ளிரவில் பிள்ளை நோய்ப்பட்டால் தூக்கிக்கொண்டு ஓட இன்று வழி இருக்கிறது. உப்புக்காற்றில் இரும்பு அரிக்கும், வடம் தேயும். யாராவது காசு கொடுத்துத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்? நான் கொடுக்கிற காசைத் தப்பென்று சொல்லமாட்டேன்" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனால் ஒன்று மருமகனே. தீவிலே வீடு வைத்திருக்க வசதி உள்ளவன் வேலைக்குப் போகச் சுங்கம் கட்ட வேண்டியதில்லை. வசதி இல்லாமல் இக்கரைக்கு வந்தவன்தான் தினமும் கட்டுகிறான். அதனால்தான் மோட்டார் சைக்கிளுக்கு எடுத்தபோது, நான் காரில் போகிறவனாக இருந்தும் சந்தோஷப்பட்டேன்."

ஏட்டில் படித்ததற்கும் எதிரே கண்டதற்கும் இடையில் அவர் ஒரு பாலம் போட்டுவிட்டார். கட்டணம் நியாயமா என்று பார்த்தால் போதாது, அது யார் தோளில் இறங்குகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதை இனி அந்தப் பாடம் நடத்தும்போது சேர்த்துச் சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.

திரும்பும் திசை எது?

நிக்காஹ் சிறப்பாக நடந்தேறியது, அல்ஹம்துலில்லாஹ். நான் கொண்டுபோன தூதைத்தான் இன்னும் சொல்லவில்லை. ஊருக்குப் புறப்படும் நாளின் முந்திய இரவு, மாமா வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

"மாமா, போவதற்குத்தான் காசு, திரும்புவதற்கு இல்லை என்று உங்கள் பாலம் சொல்கிறது. உம்மா காத்திருக்கிறார். ஒரு தடவை திரும்பி வாருங்கள்."

மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உன் மச்சானுக்கு வீடு இங்கே. அதனால் இக்கரைக்கு வருவது அவனுக்குத் திரும்புவது. எனக்கு எது திரும்புவது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தீவுக்குப் போகும்போது பழைய வீட்டுக்குத் திரும்புகிறேன் என்று மனசு நினைக்கிறது. விமான நிலையமும் தீவில்தான் இருக்கிறது. ஊருக்குத் திரும்ப வேண்டுமென்றாலும் அந்தச் சாவடியைத் தாண்டித்தான் போகவேண்டும். எல்லாத் திரும்புதலுக்கும் எனக்குக் காசு இருக்கிறது மருமகனே."

"ஆறு வெள்ளிகூட இல்லையே மாமா?"

"அந்தக் காசைச் சொல்லவில்லை. 2003இல் நான் ஏன் ஊருக்கு வந்தேன் தெரியுமா? இந்த வீட்டுக்கு முன்பணம் கட்ட வழியில்லாமல் நின்றேன். வாப்பா வீட்டை விற்றோம். உன் உம்மாவுக்கு உரிய பங்கையும் லாத்தா என் கையில் கொடுத்து, 'பிள்ளைகளோடு தெருவில் நிற்காதே, முடிந்தபோது கொடு' என்றார். முடியவில்லை. ஒரு வருஷம் முடியவில்லை, பத்து வருஷம் முடியவில்லை. பிறகு முகம் காட்ட வெட்கமாகிவிட்டது. லாத்தா இதுவரை ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பேன்."

வாசகர்களே, இதை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். என் உம்மா யாரிடமும் சொல்லவில்லை, பெற்ற பிள்ளையாகிய என்னிடம்கூட. மாமாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. கிதாபுகளில் கடனைப் பற்றிய பாடங்கள் பல உண்டு. அந்த வாசலில் அவற்றில் ஒன்றும் என் நாவுக்கு வரவில்லை.

மறுநாள் அவரே விமான நிலையம்வரை வந்தார். சாவடியில் அட்டையைக் காட்டியபோது தடைக்கம்பு உயர்ந்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. என்னை இறக்கிவிட்டுத் தனியாக அவர் பெருநிலத்துக்குப் போவார். அந்தப் பயணத்துக்குக் காசு இல்லை.

உம்மா கொடுத்த காசு

ஊர் வந்து சேர்ந்ததும் உம்மாவிடம் நிக்காஹ் பற்றிச் சொன்னேன், பள்ளிவாசலைப் பற்றிச் சொன்னேன், பாலத்தைப் பற்றி மிக விரிவாகச் சொன்னேன். மாமாவின் வார்த்தைகளை மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தயங்கினேன். பிறகு, மறைப்பது அமானிதத்துக்கு மாறு என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பாலத்துக்கு நம்ம காசில் எவ்வளவு?"

"நூற்றுச் சொச்சம் ரூபாய் இருக்கும் உம்மா."

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மடித்து வைத்திருந்த இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து என் கையில் வைத்தார். "அவனைக் கூப்பிடு" என்றார்.

கைப்பேசியில் மாமாவின் முகம் வந்ததும், உம்மா வழக்கம்போல் நலம் கேட்கவில்லை. "தம்பி, பாலத்துக் காசை உன் மருமகன் கையில் கொடுத்துவிட்டேன். இனி நீ யாருக்கும் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. நான் ஹலாலாக்கி எத்தனையோ வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் தப்பு" என்றார்.

மாமாவின் முகம் திரையிலிருந்து விலகியது. வீட்டுக்கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. நெடுநேரத்துக்குப் பின் குரல் மட்டும் வந்தது. "பாஸ்போர்ட் முடிந்து பல வருஷம் ஆகிறது லாத்தா. புதுசு எடுக்கவேண்டும்."

இக்கட்டுரையை எழுதும் இந்நாளில் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டதாகவும், விசாவுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் மச்சான் தெரிவித்திருக்கிறார். அந்த இரண்டு தாள்களும் என் மேசை இழுப்பறையில், கிதாபுக்குள் பத்திரமாக இருக்கின்றன. மாமா வந்ததும் அவரிடம் கொடுக்க வேண்டும் என்பது உம்மாவின் உத்தரவு.

உங்கள் வீட்டிலும் திரும்பி வராத ஒருவர் இருக்கலாம். அவர் ஏன் வரவில்லை என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? நீங்கள் எப்போதோ மனத்தில் மன்னித்துவிட்ட ஒன்றை அவரிடம் வாயால் சொல்லியிருக்கிறீர்களா? இன்றே கேளுங்கள், இன்றே சொல்லுங்கள். எங்கள் உம்மாவும் மாமாவும் உயிரோடிருக்கும்போதே ஒருவரையொருவர் தொட்டுப் பார்க்க நீங்களும் துஆச் செய்யுங்கள்.